உப்புக் கை

மதிய உணவுக்கு முன் மூன்று.
வெண்ணெய் கூடுதலென்றால் நான்கு.
பொரித்த மீனென்றால், வெட்கமில்லாமல், ஆறு.
பாதி காவி, பாதி கண்ணாடி:
ஒவ்வொரு கேப்சூலுக்குள்ளும்
கடுகைவிடச் சின்ன மணிகள், நூற்றுக்கணக்கில்.
காபிக்கடையில் யாராவது கேட்டால்
தலைவலி என்பேன்.
பன்றியின் கணையம் என்று சொல்லி
யாருடைய கேக்கைக் கெடுப்பது?

கணையத்தைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.
இரைப்பைக்குப் பின்னால், முதுகை ஒட்டி
குறுக்கே படுத்திருக்கும் தடித்த நாக்கு.
உள்ளே கொத்துக் கொத்தாய்த் திராட்சை.
கனிக்கு ஒரு துளி சாறு.
காம்புகள் எல்லாம் குழாய்கள்;
காம்பும் காம்பும் கூடிக் கிளையாகி
கிளைகள் கூடித் தண்டாகி
பித்தம் வரும் வழியோடு கைகோத்து
குடலின் சுவரில் ஒரே துளையாய்த் திறக்கும்.
ரத்தத்தில் சேதியைத் தூவிவிட்டு
யாருக்கோ போய்ச் சேரட்டும் என்றிருக்கும்
சுரப்பிகள் வேறு ரகம்.
இது நேரில் வந்து கதவைத் தட்டிக் கொடுக்கும்.

எத்தனை சூதானம் அதற்கு!
இறைச்சி அறுக்கும் கத்தியை
உறையோடுதான் அனுப்பும்.
உறை கழற்றுவது குடலின் பொறுப்பு.
இரைப்பையின் புளிப்பு தணிய
கூடவே கொஞ்சம் காரநீர்.

எனக்குக் காம்புகள் அடைபட்டன,
பிறப்பதற்கு முன்பே.
உயிரணுவின் சுவரில் உப்புக்கென்று ஒரு கதவு.
என்னிடம் அது திறக்காது.
உப்பு போகாத இடத்துக்கு நீரும் போகாது.
சாறு பாகாயிற்று, பாகு பிசினாயிற்று.
வெளியே போக வழியில்லாத கத்தி
வீட்டுக்குள்ளேயே உறை கழன்று
வீட்டையே அறுத்தது.

வியர்வைக்கும் அதே கதவுதான்.
அங்கே உப்பை உள்ளே திரும்ப அழைப்பது அதன் வேலை.
அழைப்பதில்லை.
வெயில் நாளில் என் முழங்கையில் வெள்ளைப் பொடி பூக்கும்.
கோர்மாக் முதல் முறை கழுத்தில் முத்தமிட்டபோது
"கடலுக்குப் போயிருந்தாயா?" என்றான்.

அம்மாவுக்கு அந்தச் சுவை முன்பே தெரியும்.
ரூவானின் நெற்றியில் முத்தமிட்டு
உதட்டைத் துடைக்காமல் நின்றாளாம்.
உப்புக் கரிக்கும் பிள்ளை தங்காது:
எங்கள் மேயோ பக்கத்தில்
கிழவிகள் அதைத் தாழ்ந்த குரலில்தான் சொல்வார்கள்.
இரண்டு கிண்ணம் கஞ்சி குடித்து
மூன்றாவதுக்கு அழுவான் ரூவான்.
விலா எலும்பை எண்ணிவிடலாம்.
தின்றதெல்லாம் எண்ணெய் மிதக்க வெளியே போகும்.
அப்போது ஆஸ்பத்திரியில் தந்தது வெறும் பொடி.
குடலைச் சேருமுன்
பாதி அமிலத்திலேயே செத்துப்போகும்.
மணிகளுக்கு அமிலம் தாங்கும் மேலங்கி
தைக்கத் தெரிந்துகொண்டபோது
அவனுக்குக் கல் நட்டு இரண்டு வருடம்.
நான் அதற்குப் பிறகு பிறந்தேன்.
அவ்வளவுதான் எனக்கும் அவனுக்கும் வித்தியாசம்.

போன ஜூலையில் பல்லினா சாலையில்
தார் போட்டுக்கொண்டிருந்தார்கள்.
சிவப்புப் பலகை பிடித்த பையன் எங்களை நிறுத்தினான்.
எனக்கு முன்னால்
மூன்றடுக்குப் பன்றி லாரி.
ஏன் இறங்கினேன் என்று தெரியாது.
கம்பியிடுக்கில் ஒரு மூக்கு,
ஈரமாய், இரண்டு பொத்தான்துளைகளோடு.
கையை நீட்டினேன்.
முகரும், விட்டுவிடும் என்று நினைத்தேன்.
நக்கியது.
நிறுத்தி, யோசித்து, மறுபடி நக்கியது,
உள்ளங்கை, விரலிடுக்கு, மணிக்கட்டு வரைக்கும்.
அதன் கன்னத்துச் சுரப்பிகள் திறந்து
உமிழ்நீர் என் சட்டைக்கையில் வழிந்தது.
அதற்கு என்னிடம் வேண்டியது உப்பு.
எனக்கு அதனிடம் வேண்டியது என்ன என்று
நான் சொல்லவில்லை.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
இங்கே உப்பிட்டவள் நான்.
நினைக்க வேண்டியவளும் நானே.

பையன் பலகையைத் திருப்பினான், பச்சை.
பின்னால் ஒரு வேன் ஹாரன் அடித்தது.
கையைத் துடைக்காமல் ஓட்டினேன்,
ஸ்டியரிங் பிசுபிசுக்க.

மதியம் கோர்மாக்கின் அக்கா வீட்டில்
பொரித்த மீன்.
ஆறு.